அம்மா வெயிலில் பிடித்துப் பார்த்த கேலக்ஸி

அம்மா அந்த ஃபிளெக்ஸ் துண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கடையை விட்டு வெளியே போனாள்.

காலை பதினொன்றரை மணி இருக்கும். ரங்கநாதன் தெருவிலிருந்து பிரிகிற எங்கள் சந்தில், மாம்பலம் ரயிலிலிருந்து இறங்கிய கூட்டம் பைகளோடு வந்துகொண்டிருந்தது. அம்மா நட்டநடுவில் நின்றாள். இரண்டு கைகளாலும் அந்தத் துண்டைத் தலைக்கு மேலே தூக்கி, கட்டடங்களுக்கு நடுவே விழுந்த ஒரு கீற்று வெயிலில் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். புது ஃபிளெக்ஸின் மண்ணெண்ணெய் வாடை என் மூக்கு வரைக்கும் வந்தது. கூட்டம் அவளைச் சுற்றிக்கொண்டு போனது.

"ஏட்டி கனி, இங்க வா."

போனேன்.

"ரொம்பத் தூரத்துல உள்ளது செவப்பாத் தெரியும்னுல்லா சொன்ன?"

"ஆமா."

"இது நீலமால்லா இருக்கு."

என் முதல் கண்டுபிடிப்பு அந்த இடத்தில்தான் உயிரை விட்டது. அது எனக்கு உறுதியாகத் தெரிய இன்னும் இரண்டு மணி நேரம் ஆனது.

டியூப்லைட்டை நம்பாதவள்

எங்கள் கடை ஒரு மேட்சிங் சென்டர். சேலைக்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி, லைனிங், ஃபால்ஸ் விற்கிற கடை. பத்தடி அகலம். உள்ளே போகப் போக நீளம். இரண்டு பக்கச் சுவரிலும் கூரை வரைக்கும் துணிக்கட்டுகள். அப்பா வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்களை வரவேற்பார். கவுன்ட்டர் முழுக்க அம்மாவின் ராஜ்ஜியம்.

யாராவது "பச்சை" என்று கேட்டால் அம்மாவுக்குக் கோபம் வரும். எந்தப் பச்சை? ராமர் பச்சையா, கிளிப்பச்சையா, இலைப்பச்சையா? நீலம் என்றாலும் அப்படித்தான். ஆனந்தா நீலத்துக்கும் காப்பர் சல்பேட் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்களிடம் அவள் குரலை இறக்கி, நோயாளியிடம் பேசுவதுபோலப் பேசுவாள். டியூப்லைட்டில் பார்த்த எந்த நிறத்தையும் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். "வெயில்ல கொண்டு போய்ப் பாத்துட்டு வாங்க" என்று வாடிக்கையாளரை வெளியே அனுப்புகிற ஒரே கடை எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஒரு தடவை ஒரு அம்மாள் தன் பட்டுச்சேலை மெரூன் என்று சாதித்தார். அம்மா அது அரக்கு என்றாள். அந்த அம்மாள் கோபமாகப் பக்கத்துக் கடைக்குப் போய் மெரூன் துணி வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். அம்மா ஒன்றும் கேட்காமல் அரக்குக் கட்டை எடுத்துப் பிரித்தாள்.

பகலில் படித்த வானம்

நான் எம்.எஸ்ஸி. இயற்பியலில் சேர்ந்ததைப் பற்றிச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "அண்டவியல் படித்திருக்கிறீர்களே, என் மகனுக்குக் கல்யாணம் எப்போது என்று பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். முடியாது அம்மா. நான் படித்ததை வைத்து என் கல்யாணத் தேதியையே என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொரு உண்மையையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இரண்டு வருஷம் கேலக்ஸிகளைப் பற்றிப் படித்தும் நான் ராத்திரி வானத்தை அண்ணாந்து பார்த்தது நாலைந்து தடவை இருக்கலாம். எங்கள் சந்தில் தெரிகிற வானம் ஒரு முழ அகலம்தான். அதிலும் பாதியை நகைக்கடை விளம்பரம் பிடித்துக்கொண்டிருக்கும். எங்கேயோ ஒரு மலையுச்சியில் இருக்கிற தொலைநோக்கி பதிவு செய்த தரவுகள் எல்லோருக்கும் இலவசமாக இணையத்தில் கிடக்கும். கிண்டிப் பக்கம் இருந்த பல்கலைக்கழகத்தின் கணினி அறையில், காலை பத்து மணிக்கு, ஏ.சி. குளிருக்குத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு நாங்கள் அவற்றை இறக்கிப் பார்ப்போம். ஐந்து மணிக்கு அறையைப் பூட்டிவிடுவார்கள். பிரபஞ்சத்துக்கும் ஆபீஸ் நேரம் உண்டு.

நாங்கள் என்றால் நானும் ஸ்ரீவத்சனும். அவன் மயிலாப்பூர்க்காரன். கடைசி வருஷ ப்ராஜெக்டில் எங்கள் இருவரையும் ஜோடி சேர்த்தவர் ரேவதி மேடம். மெலிந்த உருவம், பெரிய கண்ணாடி, மேஜை இழுப்பறையில் எப்போதும் கைமுறுக்கு. யோசிக்கும்போது மட்டும் முறுக்கைக் கடிப்பார். அதனால் அவர் எப்போது யோசிக்கிறார் என்று வராந்தா வரைக்கும் கேட்கும்.

வாசலில் கிடந்த ஒற்றைச் செருப்பு

எங்கள் வேலை இதுதான். ஒரு கேலக்ஸியின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் அதில் சில பிரகாசமான கோடுகள் தெரியும். ஹைட்ரஜனுக்கு அதற்கென்று சில கோடுகள், ஆக்ஸிஜனுக்கு அதற்கென்று சில கோடுகள். பிரபஞ்சம் விரிந்துகொண்டே போவதால், தூரத்தில் இருக்கிற கேலக்ஸியின் கோடுகள் தம் இடத்தை விட்டுச் சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும். எவ்வளவு நகர்ந்திருக்கிறதோ அவ்வளவு தூரம்.

இரண்டு மூன்று கோடுகள் தெரிந்தால் பிரச்சினை இல்லை. ஒன்றுதான் தெரிகிறது என்றால்தான் வம்பு. வாசலில் ஒரே ஒரு செருப்பு கிடக்கிறது, உள்ளே வந்திருப்பது மாமாவா சிலிண்டர் போடுகிறவரா என்று சொல்ல வேண்டும் என்பது மாதிரி.

அப்படி ஒரு ஒற்றைக் கோட்டு கேலக்ஸி எங்களிடம் மாட்டியது. அந்தக் கோடு ஹைட்ரஜனின் லைமன் ஆல்ஃபா என்ற கோடாக இருந்தால், அந்த ஒளி கிளம்பி ஆயிரத்து இருநூறு கோடி ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். பிரபஞ்சம் சின்னப் பிள்ளையாக இருந்த காலம். அதுவரை யாருடைய பட்டியலிலும் இல்லாத கேலக்ஸி.

"கனி, இது லைமன் ஆல்ஃபாதான். வேற எதுவாவும் இருக்க சான்ஸே இல்ல" என்றான் வத்சன். நான் அந்தக் கோட்டை மறுபடியும் பெரிதாக்கிப் பார்த்தேன்.

மேடம் அந்தக் கோடு தெரிகிற வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். இரண்டு முறுக்கு தீர்ந்தது.

"அவசரப்படாதீங்க. எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு. அதனாலதான் பயமா இருக்கு" என்றார். ஆனாலும் வெள்ளிக்கிழமை துறை செமினாரில் எங்கள் பெயரைச் சேர்த்துவிட்டார்.

அண்ணாச்சி முடிவு செய்துவிட்டார்

யாரிடமும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு நான் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா அப்பாவிடம் மட்டும் சொன்னாள். அப்பா தலைவர் அண்ணாச்சியிடம் மட்டும் சொன்னார். அண்ணாச்சி வியாபாரிகள் சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போட்டார்.

எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சி, எங்கள் பகுதி சங்கத்துக்குப் பல வருஷமாகத் தலைவர். மறுநாள் காலையிலேயே கடைக்கு வந்துவிட்டார்.

"நம்ம தெருப் பிள்ள ஒரு உலகத்தையே கண்டுபிடிச்சிருக்கு!"

"உலகம் இல்ல அண்ணாச்சி, கேலக்ஸி" என்றேன்.

"அது உலகத்த விடப் பெருசா, சின்னதா?"

"பெருசு."

"அப்ப அதையே போட்டுருவோம்" என்றவர், ஃபிளெக்ஸ் அடிக்கிற சைதாப்பேட்டை பாபுவுக்கு அங்கேயே போன் போட்டார்.

பாபு வந்து எங்கள் கேலக்ஸியின் படத்தை என் போனில் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இன்னாமா இது, கண்ணாடில தூசு ஒட்டிக்கினு இருக்கற மாரி கீது? நெட்ல சக்கரம் மாரி சூப்பரா ஒண்ணு கீது. அத்த போட்டுரட்டா?"

"கூடாது" என்றார் அப்பா. "அடுத்தவன் சரக்க நம்ம பேர்ல போடக் கூடாது. எம்மவ கண்டுபிடிச்சதுதான் இருக்கணும்."

"இன்னா நைனா, யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்லா."

புதன்கிழமை பாபு ஒரு மாதிரித் துண்டு அடித்துக் கொண்டுவந்தார். 'ஆயிரத்து இருநூறு கோடி ஆண்டு தூரத்தை ஆண்ட அரசியே!' என்று மேலே கொட்டை எழுத்து. அண்ணாச்சி படம் பெரிதாக. அப்பா படம் அதைவிடச் சிறிதாக. என் கல்லூரி அடையாள அட்டைப் படம் அதைவிடச் சிறிதாக. மூலையில், எலுமிச்சம்பழ அளவில், என் கேலக்ஸி.

அதைத்தான் அம்மா வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

நீலம்

"அம்மா, அது கம்ப்யூட்டர் போடுத கலர்" என்றேன் நான், கொஞ்சம் அலட்சியமாகவே.

"கம்ப்யூட்டர் எதப் பாத்துப் போடுது?"

அந்தத் துண்டை அவள் கையிலிருந்து வாங்கி நானும் வெயிலில் பிடித்தேன்.

ஒரே இடத்தை நீலம், பச்சை, சிவப்பு வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியாகப் படம் பிடித்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் வருவது அந்த வண்ணப் படம். ஆயிரத்து இருநூறு கோடி ஒளியாண்டு தூரத்திலிருந்து வருகிற ஒளியில் நீலப் பகுதி நம்மிடம் வந்தே சேராது. வழியெல்லாம் இருக்கிற ஹைட்ரஜன் வாயு அதை விழுங்கிவிடும். அதனால் அப்படிப்பட்ட கேலக்ஸி நீலப் படத்தில் இருக்கவே கூடாது. முதல் வருஷப் பாடம் இது. பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

நாங்கள் மூன்று மாதமாகப் பார்த்தது வரைபடத்தை மட்டும். வண்ணப் படத்தை வத்சன் இறக்கியதே முதல் ஸ்லைடில் அழகுக்காகப் போடத்தான்.

மாம்பலத்தில் ஓடுகிற ரயிலில் தொற்றாத குறையாக ஏறிக் கிண்டிக்குப் போனேன். கணினி அறையில் நீல வடிகட்டிப் படத்தைத் தனியாகத் திறந்தேன். நடுவில், கல்யாண வீட்டு சீரியல் பல்பு மாதிரி, என் கேலக்ஸி பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

அந்த ஒற்றைக் கோடு லைமன் ஆல்ஃபா இல்லை. அதே ஹைட்ரஜனின் இன்னொரு கோடு. அப்படியானால் தூரம் சுமார் நூற்று நாற்பது கோடி ஒளியாண்டுதான். அண்டவியல் கணக்கில் அது பக்கத்துத் தெரு.

வத்சன் நாற்காலியில் அப்படியே சரிந்தான். "கனி, அம்மா ஆஸ்திரேலியா அத்தை வரைக்கும் சொல்லிண்டிருக்கா. ஆத்துக்கு வரவா எல்லாருக்கும் பாயசம் குடுத்தாச்சு."

"எங்க தெருவுல ஃபிளெக்ஸ் வைக்காங்க."

அவன் ஸ்லைடுகளைக் கடைசி வரைக்கும் தள்ளிப் பார்த்தான். பிறகு அவன் மெதுவாக, "வெள்ளிக்கிழமை இருக்கறபடியே பேசிடலாமா? கடைசி ஸ்லைடுல 'மேலும் ஆய்வு தேவை'ன்னு போட்டுட்டா போறும். அது பொய் ஒண்ணும் இல்லையே" என்றான்.

உடனே மறுத்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறுக்கவில்லை. பத்து நிமிஷம் யோசித்தேன். ஜன்னலுக்கு வெளியே, கிண்டிக் காட்டிலிருந்து வந்த ஒரு மான் யாரோ போட்ட பிஸ்கட் கவரைத் தின்ன முயற்சி செய்துகொண்டிருந்தது. அதை விரட்டப் போய்த் திரும்பி வந்தபோது, வத்சனே எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

"வேண்டாம். மேடம்கிட்ட போலாம்" என்றான்.

மேடம் நீலப் படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். முறுக்கை எடுக்கவில்லை.

"இதை யாரு கவனிச்சா?"

"எங்கம்மா, மேடம்."

"ஃபிசிக்ஸா?"

"ப்ளவுஸ் பிட், மேடம்."

அவர் சிரிக்கவில்லை. "மூணு மாசமா நானும் உங்ககூட சேந்து அந்த கிராஃபைத்தான் பாத்திருக்கேன். ஒரு தடவைகூடப் படத்தைத் திறக்கலை. தப்பு எனக்கும்தான்" என்றார். எழுந்து ஜன்னல் வரைக்கும் போய் வந்தார். "செமினார் நடக்கும். தலைப்பை மட்டும் மாத்துங்க."

மூன்று தடவை வாயைத் திறந்தேன்

வியாழக்கிழமை அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதல் தடவை ஆரம்பித்தபோது ஒரு கல்யாண கோஷ்டி பதினாறு சேலைகளோடு உள்ளே நுழைந்தது. இரண்டாவது தடவை அண்ணாச்சி ஒரு சால்வையோடு வந்து என் தோளில் நீளம் வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாவது தடவை தடங்கல் ஒன்றும் இல்லை. கடையில் நானும் அப்பாவும்தான். அப்பா மறுநாளைக்கான வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்காரரிடமிருந்து வாங்கி மடியில் வைத்திருந்தார். கஞ்சி போட்ட சட்டை. கைபட்டால் சரசரவென்றது.

"கனி, நான் எட்டாங் கிளாஸோட நின்னவன். நாளைக்குத்தான் முத முதலா ஒரு யுனிவர்சிட்டிக்குள்ள போகப் போறேன்" என்றார். "செருப்ப வெளியில விடணுமா?"

"வேண்டாம்ப்பா. போட்டுக்கிட்டே வரலாம்" என்றேன். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, சட்டையை வாங்கி ஆணியில் மாட்டினேன்.

முதல் வரிசை

வெள்ளிக்கிழமை, ஒரு வேனில் பதினோரு கடைக்காரர்கள் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து இறங்கி முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். அது பேராசிரியர்களின் இடம். துறைத் தலைவர் ஒன்றும் சொல்ல முடியாமல் இரண்டாவது வரிசைக்குப் போனார். அம்மா வரவில்லை. முகூர்த்த நாள், கவுன்ட்டரை விட முடியாது.

முதல் ஸ்லைடை வத்சன் ஆங்கிலத்தில் பேசினான். அண்ணாச்சி கைதட்டினார். மற்ற பத்துப் பேரும் கைதட்டினார்கள். இரண்டாவது ஸ்லைடுக்கும் தட்டினார்கள். ஐந்தாவது ஸ்லைடில் நான் ஆங்கிலத்தில் எங்கள் தவறைச் சொல்ல ஆரம்பித்தேன். அதற்கும் தட்டினார்கள். அப்பா எல்லோரையும்விட பலமாகத் தட்டினார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுத் தமிழில் சொன்னேன். "அப்பா, நாங்க கண்டுபிடிச்சது தப்பு. அது ரொம்பத் தூரத்துல இல்ல. கிட்டத்துலதான் இருக்கு."

கைதட்டல் நின்றது. அப்பா தன் செருப்பைக் குனிந்து பார்த்தார்.

அண்ணாச்சி எழுந்தார். "ஒரு சந்தேகம். அந்தக் கேலக்ஸி இருக்கா, இல்லியா?"

"இருக்கு அண்ணாச்சி."

"இப்ப எவ்வளவு தூரம்?"

"நூத்தி நாப்பது கோடி ஒளியாண்டு."

"ஆயிரத்து இருநூறுல இருந்து நூத்தி நாப்பதா?" அண்ணாச்சி பின்னால் திரும்பித் துறைத் தலைவரைப் பார்த்தார். "இந்தத் தள்ளுபடி எங்க தெருவுலயே கெடையாதுய்யா!"

முதலில் சிரித்தது ரேவதி மேடம். பிறகு அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது எதனால் என்று இன்றுவரை தெரியாது.

"சரி, தப்புன்னு யாரு கண்டுபிடிச்சா?" என்றார் அண்ணாச்சி விடாமல்.

"எங்கம்மா."

அப்பா தலையை நிமிர்த்தினார். "சொர்ணமா?" என்றார், அவ்வளவு பேருக்கும் கேட்கிற மாதிரி.

திரும்பும்போது வேன் சைதாப்பேட்டையைத் தாண்டியது. அப்பா கேட்டார்.

"நேத்தே ஏன் சொல்லல?"

"மூணு தடவ வந்தேம்ப்பா."

"நான்தான் பேசிக்கிட்டே இருந்துட்டேன், என்ன?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அத்தன பேரு முன்னால தப்புன்னு சொன்னியே. வேற ஆளுன்னா கிழிசல உள்ள மடிச்சு வச்சு வித்திருப்பான்." கொஞ்சம் பொறுத்து, "நீ விரிச்சுக் காட்டிட்ட" என்றார்.

சால்வையை அண்ணாச்சி நேராகக் கடைக்குக் கொண்டுபோய் அம்மாவுக்குப் போர்த்தினார். அம்மா வெட்கத்தோடு அதன் ஓரத்தை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தாள். "முழுசும் பாலியஸ்டரு. யாரு வாங்குனது?" என்றாள். அதை வாங்கி அண்ணாச்சி கையில் கொடுத்திருந்த அப்பா உச்சாணித் துணிக்கட்டை நிமிர்ந்து பார்த்தார்.

தள்ளு, வை

கதை இதோடு முடியவில்லை. எங்கள் பட்டியலில் இன்னும் நாற்பது சொச்சம் ஒற்றைக் கோட்டு கேலக்ஸிகள் இருந்தன. மேடம் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றார். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரம், அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிண்டிக்கு வந்தாள். நீலம் கலந்ததைத் தள்ளச் சொல்லி, வண்ணப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினோம்.

"வை. வை. இது தள்ளு. வை. இது என்ன, கத்தரிப்பூவா? தள்ளு."

ஆறு படங்களைத் தள்ளினாள். நானும் வத்சனும் ஒரு வாரம் உட்கார்ந்து சோதித்தோம். ஐந்து உண்மையிலேயே கிட்டத்துக் கேலக்ஸிகள். ஆறாவது அம்மாவின் தவறு. அதைச் சொன்னபோது, "உன் கம்ப்யூட்டர மாத்து" என்று சொல்லிவிட்டுத் துணி கிழிக்கப் போய்விட்டாள்.

ஆய்வேட்டின் நன்றியுரையில் அம்மா பெயரைப் போடலாம் என்றார் மேடம். அம்மாவுக்குச் சம்மதம். ஆனால் ஒரு நிபந்தனை: கீழே கடை பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். மேடம் முதல் பிரதியில் அந்த வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'விளம்பரமா?' என்று ஓரத்தில் எழுதினார். இறுதிப் பிரதியில் வட்டமும் இல்லை, மறுப்பும் இல்லை. வரி இருந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். கடுமையானவர் என்று பெயர். ஆய்வேட்டைப் புரட்டினார். நன்றியுரையில் நின்றார். வத்சன் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தான்.

"இந்தக் கடை எங்க இருக்கு?" என்றார். "என் வைஃப் மூணு மாசமா ஒரு புடவைக்கு மேட்சிங் தேடிட்டு இருக்காங்க."

வழி சொன்னேன். அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் லைமன் ஆல்ஃபாவைப் பற்றிக் கேட்டு எங்கள் இருவரையும் பிழிந்து எடுத்தார். முதல் வகுப்பு கொடுத்தார்.

சனிக்கிழமை மனைவியோடு கடைக்கே வந்துவிட்டார். யார் என்று அப்பா காதில் சொன்னேன். அப்பா ஓடிப்போய் ஸ்டூல் எடுத்துப் போட்டார், காபி வரவழைத்தார், தேர்வாளர் என்று அம்மாவிடம் கண்ணைக் காட்டிவிட்டுக் கெஞ்சலாகப் பார்த்தார். அம்மா அந்தப் புடவையை வாங்கி வாசலுக்குப் போய் வந்தாள். நான்கு கட்டுகளை இறக்கி ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்தாள். நான்காவது ஏறக்குறைய அதேதான். பேராசிரியர், "இதுதான்! இதேதான்!" என்றார். அவர் மனைவியும் தலையாட்டினார்.

அம்மா அந்தக் கட்டைச் சுருட்டி மேலே வைத்தாள்.

"இல்ல சார். இது ஒட்டி வரும், ஆனா இது இல்ல. இந்தக் கலரு எங்ககிட்ட கெடையாது."